சீட்டு விழாதவன்

துறைமுகத்தில் புயல் கூண்டு ஏற்றிவிட்டால் காத்திவாக்கம் குப்பத்தில் ஆண்பிள்ளைகளை வீட்டில் வைத்துச் சமாளிப்பது பெரிய வேலை. கடலுக்குப் போய்ப் பழகிய மனிதன் நான்கு நாள் சேர்ந்தாற்போல் கரையில் இருந்துவிட்டால் அடுப்பங்கரையில் வந்து நின்று உப்புக்கும் புளிக்கும் யோசனை சொல்லத் தொடங்கிவிடுவான். தேசப்பன் அதைவிட மோசம். விடிந்ததிலிருந்து படகை எத்தனை தடவை போய்ப் பார்த்துவிட்டு வந்தார் என்று கணக்கே இல்லை. படகு எங்கும் போய்விடவில்லை. மணலில் ஏற்றிக் கட்டிய இடத்திலேயே தார்ப்பாய்க்குள் கிடந்தது.

“யோவ், அதுக்கு இன்னா காலா மொளச்சிகீது? கம்னு ஒரு எடத்துல குந்து” என்றாள் மங்கம்மா.

“கயிறு லூஸா கீதான்னு பாத்தேன் மே.”

“கயிறுலாம் டைட்டா தான் கீது. எனக்கு தான் ஒன்ன பாத்துகினு தல லூஸா பூடும் போல கீது.”

அவள் கதவோரம் உட்கார்ந்து நெத்திலி ஆய்ந்துகொண்டிருந்தாள். கூண்டு ஏற்றுவதற்கு முந்தின நாள் வந்த மீன், ஐஸில் கிடந்து கண் வெளுத்துப் போயிருந்தது. வெயில் தலைகாட்டினால் கருவாடாவது ஆகும். வெயில் எங்கே? வானம் அனல்மின் நிலையப் புகைபோக்கிகளின் மேல் இறங்கி உட்கார்ந்திருந்தது. மழை விட்ட கொஞ்ச நேரத்தில் வாடைக்காற்று கரித்தூளையும் உப்பையும் சேர்த்தே அள்ளிக்கொண்டு வந்து வீட்டுக்குள் போட்டது. கூட்டி முடித்த தரையில் நடந்தாலும் உள்ளங்கால் கறுத்தது.

அப்போதுதான் ஆன்சி வந்தாள். காற்று அவள் குடையைப் பின்பக்கமாக மடக்கியிருந்தது. ராயபுரத்துப் பெண், துறைமுகத்தில் கிரேன் ஓட்டிய பாஸ்கலின் மகள். ஒரு பல்கலைக்கழக ஆராய்ச்சிக்காக, எண்ணூர் தொடங்கி சடையங்குப்பம் வரை வீடு வீடாக ஏறி இறங்கிக் கேள்வி கேட்பது அவள் வேலை. யார் எதுவரை படித்தார்கள், யாருக்கு என்ன வேலை, அது எத்தனை மாதத்து வேலை என்று கேட்டுக் கேட்டு டேப்லட்டில் தட்டிக்கொள்வாள். அன்று அவள் கையில் டேப்லட் இல்லை.

“உள்ள வாக்கா, நனையிற பாரு” என்று துண்டை எடுத்துக்கொண்டு வந்தாள் ஜெயஸ்ரீ, வீட்டின் இளைய பிள்ளை.

ஆன்சி தலையைத் துவட்டவில்லை. துண்டைக் கையில் வைத்துக்கொண்டே நின்றாள். “ஜெயா, நான் சொன்னேன்னு வெளிய சொல்லிடாத. ரிசல்ட்டு வந்துடுச்சு.”

“இன்னா ரிசல்ட்டு?”

“ஆராய்ச்சி ரிசல்ட்டு தான். க்ளாஸுக்குப் போன பசங்களுக்கும் போகாத பசங்களுக்கும் வித்தியாசமே இல்லியாம். ரெண்டு பக்கமும் ஒரே மார்க்கு. அப்போ க்ளாஸால ஒரு புண்ணியமும் இல்லன்னு தான ஆகுது? ரெண்டாவது பேட்ச் கிடையாது ஜெயா. ஞாயித்துக்கிழமை திருவொத்தியூர் ஹால்ல ஜூடி மேடம் எல்லாருக்கும் சொல்லப் போறாங்க.”

மங்கம்மாவின் கை மீன்மேல் நின்றுவிட்டது. தேசப்பன் வாசலுக்கு வெளியே கடலைப் பார்த்தார்.

“எனக்கே நம்ப முடியல. போன வருசம் நீ பேர் கேட்டாலே வாய்க்குள்ள சொல்லுவ. இப்ப கன்டெய்னர் யார்டு ஆபீஸ்காரன் உன்ன வேலைக்கு எடுக்கிறேன்றான். ஒரு புண்ணியமும் இல்லன்னு எப்படி வரும்? நான் தான் எங்கியோ தப்பா கேட்டுட்டேனோன்னு ராத்திரியெல்லாம் தூக்கமில்ல.”

பாவம், அவள் தப்பாகக் கேட்கவில்லை. கேட்ட கேள்விக்கெல்லாம் குப்பம் தப்பாகப் பதில் சொல்லியிருந்தது. அது அந்த வீட்டில் இருந்த மற்ற மூன்று பேருக்கும் தெரியும்.

நடந்தது இதுதான். போன வருஷம் ஜூடி மேடம் பல்கலைக்கழகத்திலிருந்து வந்து அம்மன் கோயில் வாசலில் கூட்டம் போட்டார். பன்னிரண்டாவது முடித்துவிட்டு வேலையில்லாமலும் காண்டிராக்ட் வேலையிலும் அலைகிற பிள்ளைகளுக்கு ஒரு வருஷப் பயிற்சி. கம்ப்யூட்டர், இங்கிலீஷ், நேர்முகத்துக்குப் போய் உட்காரும் முறை. முடிவில் வேலைக்குச் சிபாரிசு. ஆனால் இடம் பாதிப் பேருக்குத்தான். அதனால் சீட்டுக் குலுக்கல். சீட்டு விழுந்தவர்கள் முதல் வருஷம் படிப்பார்கள், விழாதவர்கள் காத்திருப்பார்கள். வருஷக் கடைசியில் இரண்டு பக்கத்துக்கும் ஒரே பரீட்சை. படித்தவர்கள் மேலே வந்திருந்தால் அதுவே சாட்சி. அந்தச் சாட்சியைக் காட்டி மற்ற எல்லாருக்கும் ரெண்டாவது பேட்ச் நடத்தப் பணம் வாங்கலாம். குறை சொல்ல முடியாத நியாயம். ஒரு நிபந்தனை மட்டும் சேர்த்துச் சொன்னார். சீட்டு விழுந்தவர்கள் அந்த ஒரு வருஷம் மற்றவர்களுக்குச் சொல்லிக்கொடுக்கக் கூடாது. கொடுத்தால் சிபாரிசு இல்லை. இதற்குக் கையெழுத்தும் போட வேண்டும்.

பிளாஸ்டிக் குடத்தில் பேர்களைப் போட்டுக் குலுக்கினார்கள். தேசப்பன் வீட்டுப் பிள்ளைகள் இருவரின் பேரும் உள்ளே இருந்தது. ஜெயஸ்ரீ பேர் வந்தது. அவளுக்கு ஒரு வயது மூத்த திலீப்பின் பேர் குடத்திலேயே தங்கிவிட்டது.

சீட்டுக் குலுக்கல் இந்தக் குப்பத்துக்குப் புதிதல்ல. முகத்துவாரத்தில் இறால் பிடிக்கிற இடங்களை அவர்கள் தாத்தா காலத்திலிருந்து சீட்டுப் போட்டுத்தான் பிரிக்கிறார்கள். அதற்குப் பாடு என்று பேர். நல்ல இடம் யாருக்கு விழுந்தாலும் அன்றைக்கு மட்டும்தான் அவனுடையது, மறுநாள் அடுத்தவனுக்கு விடவேண்டும். காய்ச்சலில் படுத்தவனுக்கும் ஒரு பங்கு வீட்டுக்குப் போகும். விழுந்த சீட்டைத் தனக்கே வைத்துக்கொண்டவன் என்று ஒருத்தனைக் குப்பத்தில் யாரும் பார்த்ததில்லை. ஆகவே ஜூடி மேடம் குடத்தைக் குலுக்கியதும் அத்தனை பேருக்கும் விஷயம் புரிந்துவிட்டது. நிபந்தனையை, கடற்கரையில் ‘இங்கே குளிக்கக் கூடாது’ என்று அரசாங்கம் எழுதி வைத்திருக்கும் பலகையைப் பார்ப்பதுபோல் பார்த்தார்கள். தேசப்பன்தான் முதலில் வாயைத் திறந்தவர். “சீட்டு வுழுந்தா பாடு. பாடுன்னா பங்கு. அப்பால இன்னா பேச்சு?” என்றார்.

அன்றிலிருந்து, சீட்டு விழுந்த பிள்ளைகள் திருவொற்றியூரில் வகுப்பு முடிந்து திரும்பியதும் மீன் ஏலம் போடுகிற ஷெட்டில் டியூப்லைட்டைப் போடுவார்கள். சீட்டு விழாத பிள்ளைகள் வந்து உட்காருவார்கள். ஐஸ் பெட்டியின் மூடியை நிமிர்த்தி வைத்து அதில் எழுதுவாள் ஜெயஸ்ரீ. தரையில் செதில் ஒட்டும், வாடை அடிக்கும், ஒருவரும் முகம் சுளிக்க மாட்டார்கள். பகலில் கற்றுக்கொண்டது பாதி, அதைச் சாயங்காலம் இன்னொருத்திக்குச் சொல்லப்போய்த்தான் மீதி அவளுக்கே விளங்கியது. வருஷக் கடைசியில் ஆன்சி வந்து, “நீங்க எங்கியாவது படிச்சீங்களா?” என்று கேட்டபோது, ஷெட்டில் படித்தவர்கள் எல்லாரும் ஒரே குரலில், “இல்லக்கா” என்றார்கள். தங்களுக்குச் சொல்லிக்கொடுத்தவர்களின் சிபாரிசு போய்விடக் கூடாதே என்ற நல்லெண்ணம். நல்லெண்ணத்தோடு பரீட்சையும் எழுதினார்கள். நன்றாகவே எழுதித் தொலைத்தார்கள்.

திலீப் ஒரு நாளும் ஷெட்டுப் பக்கம் வரவில்லை. “தங்கச்சி டீச்சராம், அண்ணன் கீழ குந்திகினு ஏ பி சி டி சொல்வானாம். நல்லாகீதே ஞாயம்!” என்று சொல்லிவிட்டு, வெற்றி என்ற தோஸ்தோடு கரி யார்டில் காண்டிராக்ட் வேலைக்குப் போய்விட்டான். ஆன்சி பரீட்சைக்காகத் தேடி வந்தபோதெல்லாம் அவன் ஷிஃப்டில் இருந்தான். ஷிஃப்ட் இல்லாத நாளிலும் ஷிஃப்டில் இருந்தான்.

ஆன்சி போனதும் மங்கம்மாதான் தொடங்கினாள். “இப்ப இன்னா பண்றது?”

“இன்னா பண்றது? கம்னு கீறது” என்றார் தேசப்பன். “ஜெயாக்கு தை மாசம் வேலை. அத்த கெடுத்துக்க முடியுமா?”

“திலீபு?”

“அவன் தான் படிப்பு வோணாம்னு பூட்டானே மே.”

மங்கம்மா அவரை ஒரு பார்வை பார்த்தாள். “தெரியாத மாதிரி பேசாத யா.”

தெரியாமல் என்ன? வீட்டில் எல்லாருக்கும் தெரியும். மூன்று மாதமாகத் திலீப் வாய் ஓயாமல் சொல்லிக்கொண்டிருந்தது ரெண்டாவது பேட்சைப் பற்றித்தான்.

அன்று சாயங்காலமும் அதைத்தான் சொன்னான். யார்டிலிருந்து வந்ததும் கொல்லையில் உட்கார்ந்து குளித்தான். முதல் இரண்டு பக்கெட் தண்ணீர் கறுப்பாகவே ஓடியது. கன்வேயர் பெல்ட்டுக்கு அடியில் சிந்துகிற கரியை வாரி மறுபடி மேலே போடுகிற வேலை. வாரி முடிப்பதற்குள் மறுபடி சிந்தியிருக்கும். இருமிக்கொண்டே வந்து தட்டின் முன்னால் உட்கார்ந்தான். மங்கம்மா சுடச்சுடச் சோறு போட்டு, கானாங்கெளுத்திக் குழம்பை ஊற்றி, தலைத்துண்டை அவன் பக்கம் தள்ளி வைத்தாள். வழக்கமாக அது தேசப்பனுக்குப் போகிற துண்டு.

“இன்னாமா இன்னிக்கு மரியாத பலமா கீது?” என்று சிரித்தான் திலீப். “சூப்பர்வைசராண்ட சொல்லிட்டேன் நைனா. பொங்கலோட கணக்க முடிச்சிடு, நான் க்ளாஸுக்குப் போறேன்னு. ‘உனுக்கு யார்ரா சீட்டு குடுத்தா’ன்றான். யாரும் குடுக்க வோணாம், எம்பேரு வரிசையில கீது, தானா வரும்னேன். யாராண்டயும் போயி குந்த வேண்டிதில்ல. இன்னா ஜெயா, உங்க ஜூடி மேடம் எப்புடி, ரொம்ப ஸ்ட்ரிக்டா?”

ஜெயஸ்ரீ சோற்றைப் பிசைந்துகொண்டே இருந்தாள். “ண்ணா, ரெண்டாவது பேட்ச் இல்லியாம்” என்றாள்.

அவள் சொல்லச் சொல்ல அவன் முகத்தில் சிரிப்பு கொஞ்சம் கொஞ்சமாக வடிந்தது. சொல்லி முடித்ததும், “சரி” என்று இரண்டு வாய் சாப்பிட்டான். பிறகு தட்டைத் தள்ளினான்.

“ஆக, எல்லாரும் சேந்து எஞ்சீட்ட துன்னுட்டீங்க.”

“டேய்!” என்றார் தேசப்பன்.

“இன்னா டேய்? நீ தான பங்கு பங்குன்னு பேசுன. அவங்க சொல்லிக்குடுக்காதன்னு சொன்னாங்க இல்ல? ஒரு வருசம் கம்னு இருந்திருந்தா இந்நேரம் ரெண்டு பக்கமும் வித்தியாசம் தெரிஞ்சிருக்கும். எனுக்கு சீட்டு வந்திருக்கும். ஊருக்கே பங்கு போட்டியே, எனுக்கு எங்க நைனா பங்கு?”

“தெனம் தான உன்ன கூப்ட்டா? ஒரு நாளு வந்தியா நீ? வூட்டாண்டியே நடந்த படிப்ப வுட்டுட்டு கரி வார போன. இப்ப பங்கு கேக்குற?”

“அவ வாயால எனுக்கு வோணாம்.”

“இன்னா கொறஞ்சிட்ட நீ? அவ உந்தங்கச்சி தான?”

“அத்தொட்டு தான் வோணாம்” என்று கத்திவிட்டு எழுந்து கை கழுவப் போனான். கை கழுவுகிற சத்தம் ரொம்ப நேரம் கேட்டது.

மறுநாள் ஜெயஸ்ரீயால் ஓர் இடத்தில் இருக்க முடியவில்லை. ஆன்சிக்கு போன் போட்டாள், ஒரு ரிங் போனதும் வைத்தாள். ஏல ஷெட்டுக்குப் போய் ஐஸ் பெட்டி மூடியைத் துடைத்தாள். அதில் போன வாரம் எழுதிய இங்கிலீஷ் வாக்கியம் பாதி அழிந்திருந்தது, முழுதும் அழித்தாள். வீட்டுக்கு வந்தால் அப்பா படகைப் பார்க்கக் கிளம்பிக்கொண்டிருந்தார். அவரோடு போய் அவளும் படகைப் பார்த்தாள். கடல் சேறு கலங்கின நிறத்தில் எகிறிக்கொண்டிருந்தது.

உள்ளதைச் சொன்னால் அவளுக்குத் திலீப்மேல் கோபம்தான் வந்தது. எத்தனை நாள் கெஞ்சியிருப்பாள்! அவனுக்காக அவன் தோஸ்துகளை எல்லாம் கூப்பிட்டுப் பார்த்தாள், தனியாக வீட்டில் சொல்லித்தருகிறேன் என்றாள். எல்லாவற்றுக்கும் ஒரே சிரிப்பு. இப்போது அவனுக்காகத் தன் வேலையைத் தூக்கிப் போடவேண்டுமா? கன்டெய்னர் யார்டு ஆபீஸில் அவள் உட்காரப்போகும் நாற்காலியைக்கூடப் பார்த்துவிட்டு வந்திருந்தாள். ஜன்னல் பக்கம், மேலே ஃபேன். அந்த நாற்காலி அவளுக்கு வேண்டும். வேண்டாம் என்று யாராவது சொன்னால் அது பொய்.

மத்தியானம் மங்கம்மா தூக்குச்சட்டியை நீட்டினாள். “காலீல நாஸ்டா துன்னாம பூட்டான். குடுத்துட்டு வா.”

லாரிகள் கரி யார்டு வரைக்கும் வரிசை கட்டி நின்றன. டிரைவர்கள் வண்டிக்கு அடியில் ஸ்டவ் பற்றவைத்துச் சமைத்துக்கொண்டிருந்தார்கள். மழைத்தண்ணீர் கரியோடு கலந்து ரோட்டோரம் மையாக ஓடியது. கேட்டில் சொல்லியனுப்பி ரொம்ப நேரம் கழித்துத் திலீப் வந்தான். கண்ணும் பல்லும்தான் அடையாளம். முகத்தில் கட்டியிருந்த துண்டை அவிழ்த்தபோது மூக்குக்குக் கீழே மட்டும் ஒரு பட்டை வெளுப்பாக இருந்தது.

“நீ ஏன் இங்க வந்த? கலீஜா கீது. போ.”

“துன்னு மொதல்ல.”

கேட்டோரம் குந்திச் சாப்பிட்டான். நெத்திலி வறுவலை அவள் பக்கம் நகர்த்தினான், சின்ன வயதிலிருந்து பழக்கம். அவள் ஒன்றை எடுத்துக்கொண்டாள்.

“ஞாயித்துக்கெழம கூட்டத்துல சொல்லிடலாம்னு கீறேன்” என்றாள்.

“இன்னாத்த?”

“ஷெட்டுல சொல்லிக்குடுத்தத. பொய் சொன்னத.”

“சொன்னா உன் வேலை?”

“பூடும்.”

திலீப் மெல்லுவதை நிறுத்தினான். “எனுக்காகவா? வோணாம் ஜெயா. அப்பறம் ஆயுசுக்கும் அத்த நான் தூக்கிகினு திரியணும். எனுக்காக யாரும் எத்தயும் வுட வோணாம்.”

“உனுக்காக ஒண்ணும் இல்ல. ரொம்ப தான் நெனச்சிக்காத” என்றாள் அவள், கண்ணில் தண்ணீர் முட்ட. “ஒரு வருசம் தொண்ட கிழிய கத்திகீறேன். அத்த போயி ஒண்ணுமே இல்லன்னு எழுதுறாங்க. எனுக்கு வயிறு எரியாதா?”

அவன் தூக்கைக் கழுவக் குழாயைத் தேடினான், குழாயில் தண்ணீர் வரவில்லை. அப்படியே மூடிக் கொடுத்தான்.

ஞாயிற்றுக்கிழமை மழை சற்று விட்டிருந்தது. கூண்டு இறங்கவில்லை, ஆதலால் ஹாலுக்கு ஆண்கள் கூட்டமும் சேர்ந்துவிட்டது. எர்ணாவூர், சடையங்குப்பம் பக்கத்திலிருந்தெல்லாம் வந்திருந்தார்கள். தேசப்பன், தம்பி கல்யாணத்துக்கு எடுத்த வெள்ளைச் சட்டையைப் போட்டுக்கொண்டு முன்வரிசையில் மங்கம்மாவுக்கும் ஜெயஸ்ரீக்கும் பக்கத்தில் உட்கார்ந்தார். வழியெல்லாம் மகளிடம், “வாயத் தொறக்காத, குப்பத்துக்கே அவமானம்” என்று சொல்லிக்கொண்டே வந்தவர். திலீப் தோஸ்து வெற்றியோடு பின்சுவரில் சாய்ந்து நின்றான். ஏன் வந்தாய் என்று யாரும் கேட்கவில்லை.

ஜூடி மேடம் திரையில் ஒரு படம் காட்டினார். இரண்டு பட்டைகள், ஒன்று பச்சை, ஒன்று மஞ்சள், இரண்டும் ஏறக்குறைய ஒரே உயரம். “பச்சை, வகுப்புக்கு வந்தவங்க. மஞ்சள், வராதவங்க. எங்களுக்கும் வருத்தமாத்தான் இருக்கு. ஆனா ஆராய்ச்சி காட்டுறதை மறைக்க முடியாது இல்லையா?” என்றார். அந்த அம்மாள் முகம் பொய் சொல்கிற முகம் அல்ல. தூங்காத கண்கள்.

ஜெயஸ்ரீ எழுந்தாள். “மேடம், அந்த மஞ்ச பட்ட தப்பு” என்றாள்.

ஹால் திரும்பிப் பார்த்தது. தேசப்பன் தலையில் கை வைத்துக்கொண்டார்.

அவள் எல்லாவற்றையும் சொன்னாள். ஷெட், டியூப்லைட், ஐஸ் பெட்டி மூடி, ஆன்சியிடம் சொன்ன பொய். ஆன்சியின் பேரைச் சொல்லும்போது மட்டும் குரல் உடைந்தது. “அந்தக்கா மேல தப்பில்ல மேடம். நாங்க தான் டபாய்ச்சிட்டோம்.”

ஜூடி மேடம் சட்டென்று நாற்காலியில் உட்கார்ந்துவிட்டார். “ஏம்மா? நான் அன்னைக்கே அவ்வளவு சொன்னேனே.”

அதற்குமேல் தேசப்பனால் உட்கார்ந்திருக்க முடியவில்லை. வாயைத் திறக்காதே என்று மகளுக்குச் சொன்னவர் தானே எழுந்தார். “புள்ளய கேக்காதீங்க மேடம். நான் தான் சொன்னவன். எறாலுக்கு எடம் சீட்டு போட்டு தான் பிரிப்போம். வுழுந்தவன் வுழாதவனுக்கு குடுக்கணும். இல்லாங்காட்டி அவன் கையில ஊருல ஒருத்தன் தண்ணி வாங்கி குடிக்க மாட்டான். நீங்க கொடத்த குலுக்குனீங்க, நாங்க அப்புடித்தான் எடுத்துகினோம்.”

“நீங்க செஞ்சது தப்புன்னு நான் எப்படி சொல்ல முடியும்?” என்றார் ஜூடி மேடம். “ஆனா என் பக்கத்தையும் பாருங்க. பணம் கொடுக்கறவங்க, படிச்ச பிள்ளைக்கும் படிக்காத பிள்ளைக்கும் என்ன வித்தியாசம்னு கேட்பாங்க. அதைக் காட்டினாத்தான் உங்க குப்பத்துக்கும் கேட்கலாம், தோ இங்க உட்கார்ந்திருக்காங்களே சடையங்குப்பத்துக்காரங்க, அவங்களுக்கும் கேட்கலாம். உங்க குப்பத்துல கத்துக்காத பிள்ளையே இல்லைன்னா நான் யாரை யாரோட வச்சுக் காட்டுறது?”

“அக்காங் மேடம்” என்றார் தேசப்பன். நெஞ்சு நிமிர்ந்துவிட்டது. “எங்க குப்பத்துல கத்துக்காத புள்ளயே கெடையாது.”

சொல்லி முடித்த பிறகுதான் என்ன சொன்னோம் என்று அவருக்கே உறைத்தது. நிமிர்ந்த நெஞ்சு அப்படியே தணிந்தது. திரும்பிப் பின்சுவரைப் பார்க்க அவருக்குத் தைரியம் வரவில்லை. ஜெயஸ்ரீயும் பார்க்கவில்லை.

“நான் கீறேன் மேடம்.”

திலீப் சுவரை விட்டு ஓரடி முன்னால் வந்திருந்தான். வெற்றி அவன் சட்டையைப் பிடித்து இழுத்தான். அவன் கையைத் தட்டிவிட்டான்.

“கத்துக்காதவன் நான் கீறேன். இவரு புள்ள தான். எம்பேரு உங்க டெஸ்ட்டுல இருக்காது. இந்தக்கா வந்தப்பல்லாம் ஷிஃப்டுனு சொல்லி ஓடிட்டேன். ஒண்ணும் தெரியாம பேப்பர பாத்துகினு குந்தணுமேன்னு வெக்கம்.” வெற்றியைத் திரும்பிப் பார்த்தான். “நான் மட்டும் இல்ல. யார்டுல கீற பசங்க எல்லாருமே ஓடிட்டோம். எழுதுனவன்லாம் ஷெட்டுல படிச்சவன். அத்தொட்டு தான் உங்க மஞ்ச பட்ட அத்தினி ஒசரம் கீது.”

வெற்றி தரையைப் பார்த்தபடி கையைத் தூக்கினான். பின்னாலிருந்து இன்னும் சில கைகள் தயங்கித் தயங்கி எழுந்தன. ஆன்சி வாயைப் பொத்திக்கொண்டாள். வீடு தேடிப் போய், இல்லை என்று எழுதிவிட்டு வந்த முகங்கள் அவை.

ஜூடி மேடம் திரையைப் பார்த்தார், அந்தக் கைகளைப் பார்த்தார். பிறகு படத்தை அணைத்தார். “இப்பவே எதையும் முடிவா சொல்ல மாட்டேன். விலகிப் போனவங்களையும் வந்தவங்களையும் பக்கத்துல வச்சுப் பார்க்கிறது சரியான ஒப்பீடு இல்லை, கேள்வி வரும். ஆனா இந்த அறிக்கை நாளைக்குப் போகாது. திரும்ப எல்லாரையும் பார்க்கணும். முதல்லேருந்து.” ஜெயஸ்ரீ பக்கம் திரும்பினார். “உன் சிபாரிசை நிறுத்தித்தாம்மா ஆகணும். நீ கையெழுத்துப் போட்டிருக்க. நான் பேசிப் பார்க்கிறேன், வாக்கு கொடுக்க முடியாது.”

ஜெயஸ்ரீ தலையாட்டினாள். எதிர்பார்த்ததுதான். இருந்தும் ஜன்னல் பக்கத்து நாற்காலி ஞாபகம் வந்து அழுகை வந்துவிட்டது. மங்கம்மா எல்லார் முன்னாலும் அவளை இழுத்து மடியில் போட்டுக்கொண்டாள்.

அதற்குள் ஆன்சி டேப்லட்டை எடுத்துக்கொண்டு பின்சுவருக்குப் போயிருந்தாள். இனிமேல் யாரையும் தப்பவிடுவதாக இல்லை. திலீப்பைப் பெஞ்சில் உட்காரவைத்து எதிரே உட்கார்ந்தாள்.

“போன வருசம் என்ன வேலை?”

“கரி வார்றது.”

“புதுசா ஏதாவது கத்துக்கிட்டீங்களா?”

“இல்ல.”

“கத்துக்க வாய்ப்பு இருந்துச்சா? யாராவது கூப்பிட்டாங்களா?”

திலீப் ஹாலின் முன்பக்கம் பார்த்தான். அம்மா மடியில் கவிழ்ந்திருந்த தங்கையின் முதுகு தெரிந்தது. எல்லாருக்கும் கேட்கிற மாதிரிதான் சொன்னான். “கூப்ட்டுச்சு. என் தங்கச்சி. தெனம் கூப்ட்டுச்சு. நல்லா சொல்லிக்குடுக்கும்னு ஊரே சொல்லுது. நான் தான் போவல. அத்த எழுதிக்கோ.”

ஆன்சி திரையைத் தள்ளித் தள்ளிப் பார்த்தாள். “அதுக்கு இதுல கட்டம் இல்லியே.”

“இல்லாங்காட்டி நீயே ஒரு கட்டம் போடு” என்றான்.

திரும்பும்போது ஷேர் ஆட்டோவில் நான்கு பேரும் நெருக்கிக்கொண்டு உட்கார்ந்தார்கள். மறுபடி தூறல் பிடித்தது. லாரி வரிசை நகரவில்லை, ஆட்டோவும் நகரவில்லை. தேசப்பன் வெள்ளைச் சட்டையில் விழுந்த கரித்துளியைத் தேய்த்துத் தேய்த்துப் பெரிதாக்கிக்கொண்டிருந்தார். மகனைப் பார்ப்பதும் ரோட்டைப் பார்ப்பதுமாக இருந்தார். கடைசியில், “காத்து தணியுது. கூண்டு எறக்கிடுவான்” என்றார்.

எர்ணாவூர் தாண்டியதும் திலீப் தொண்டையைச் செருமினான். தங்கையைப் பார்க்கவில்லை. முன்னால் டிரைவரின் முதுகைப் பார்த்தபடி கேட்டான்.

“ஷெட்டுல லைட்டு எப்ப போடுவ?”

ஜெயஸ்ரீ புறங்கையால் மூக்கைத் துடைத்தாள். அவளுக்கு இன்னும் கோபம் தீரவில்லை. “அஞ்சரைக்கு” என்றாள். “குளிச்சிட்டு வா.”